முழுச் சீரியல்

ரீச்சர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டுமென்றே நான் சில நாட்களில் என் மண்டபத்துக் குசினியில் வேலை இருப்பவன்போல நின்றிருக்கிறேன். என் மனுசி அவருக்குச் சோறு, மீன் பொரியல், பருப்பு, பாவற்காய், கத்தரிக்காய், சம்பல், அப்பளம் என்று சாப்பாட்டுக் கோப்பை நிறைய வைப்பாள். ரீச்சர் மீனில் ஒரு துண்டு எடுப்பார். எடுத்தால் அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றிலும் ஒருமுறை கை பட்ட பிறகுதான் மீனுக்குத் திரும்பி வரலாம். பாவற்காய் அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாத சாமான். ஆனாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் விழுங்குவார்.

"பிடிக்காட்டி விடுங்கோவன், ரீச்சர்."

"அப்ப மீனும் இல்லையே, அண்ணை."

ஆரம்பத்தில் வயிற்றுக் கோளாறு என்று நினைத்தேன். அது சங்கீதம் என்று பிறகுதான் விளங்கியது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் யாரிடம் வந்து மாட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை கொடுத்தவன். மொன்றியலுக்கு வந்து ஓர் இத்தாலியன் கடையில் கோப்பை கழுவினேன். பிரெஞ்சில் நான் முதலில் படித்தது ஏச்சுகள். மெர்சி, போன்ஜூர் எல்லாம் பிறகு வந்தவைதான். அதற்குப் பிறகு சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை. என் மனுசி சுற்றும் ஆட்டிறைச்சி ரோலுக்குப் புரோசார்ட்டிலிருந்து பாலம் கடந்து சனம் வரும். பிறகு வில்லரேயில் கிரேக்கர்கள் சீட்டாடிக்கொண்டிருந்த மேல்மாடி மண்டபத்தை வாங்கினேன். இன்றைக்கு டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் பிள்ளைகளின் கலியாணத்துக்கு என் முன்னால் வந்து திகதி கேட்டு நிற்கிறார்கள். நானும் படித்திருந்தால் யாராவது எட்டாம் வகுப்புக்காரன் முன்னால் அப்படித்தான் நின்றிருப்பேன்.

கிரேக்கர்கள் போகும்போது கதிரை, மேசை, சுவரில் தொங்கிய கடல் படம் வரைக்கும் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பியானோவை மட்டும் விட்டுவிட்டார்கள். மூன்று கால், கறுப்பு, படுத்திருக்கும் எருமை மாதிரி அகலம். படியால் இறக்கப் பயந்து விட்டுப் போனதை அன்பளிப்பு என்று நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டேன். அதன் மேல் கேக் வைப்போம். கேக் வைப்பதற்கு அதைவிட நல்ல மேசை மொன்றியலில் இல்லை.

ரீச்சர் அங்கே ஒரு சாமத்தியவீட்டுக்கு, பிள்ளை பெரியவளான சடங்குக்கு, வந்தவர். அந்தப் பெண்பிள்ளைக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர் என்று அழைப்பு. ஐம்பதை ஒட்டிய வயது. மன்னார்ப் பக்கத்து வேதக்கார மனுசி. ஊரில் கன்னியாஸ்திரிகளிடம் பியானோ படித்து, இங்கே வந்து யூனிவேர்சிற்றியிலும் படித்து, கலியாணம் கட்டாமல், ரொக்ஸ்பரோவில் ஒரு குடும்பத்தின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டுக்காரர் அறைக்குள் பியானோ வைக்க விடவில்லை. ஆகவே ஊரெல்லாம் பியானோ சொல்லிக் கொடுத்த ரீச்சருக்குச் சொந்தப் பியானோ இல்லை. இப்போது கிழக்கே கடற்கரைப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கோபிப்பார். பெயரைப் போட்டதற்கில்லை, தன் பெயரை மட்டும் போட்டதற்கு.

அன்றைக்குக் கேக் வெட்ட முன்னம் என்னிடம் வந்தார்.

"அண்ணை, இதின்ர மூடியைத் திறக்கலாமோ?"

"கேக் நிக்குது, ரீச்சர்."

"கேக்கைத் தூக்கலாம்."

"அது மூண்டு தட்டுக் கேக்."

நான் சொல்லி முடிப்பதற்குள் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டார். மூடியைத் திறந்தார். உட்கார்ந்தார். மேல் ஓரத்தில் ஊசி குத்தினது போல ஒரு சத்தம். கீழே அடியில் அரிசி மூட்டை விழுந்தது போல ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட, நடுவில் ஒன்று. எலி ஓடினால்கூட ஒரு ஒழுங்கு இருக்கும், இது எலியும் இல்லை. சாமத்தியப்பட்ட பிள்ளை தலையில் பூவோடு சிரிக்கத் தொடங்கிவிட்டது. மனுசி குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னப்பா விழுந்தது?"

"ஒண்டும் விழேல்லை. ரீச்சர் வாசிக்கிறா."

மனுசி கொஞ்ச நேரம் கரண்டியோடு நின்றாள். பிறகு உள்ளே போனாள். குசினிக் கதவைச் சாத்தவில்லை.

கேக் வெட்டி முடிந்ததும் ரீச்சர் என்னிடம் கேட்டார், கிழமை நாட்களில் காலையில் வந்து இதில் பழகலாமோ என்று. காலையில் மண்டபம் சும்மாதான் கிடக்கும். நானும் மனுசியும் குசினியில் ரோல் சுற்றுவோம். வாருங்கோ என்றேன். பெரிய மனம் எனக்கு எப்போதும் இருந்தது, அதைக் காட்ட ஆள் கிடைப்பதுதான் குறைவு.

அப்படித்தான் அந்தச் சத்தம் எங்கள் காலைகளுக்குள் வந்தது. சில கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டேன்.

"ரீச்சர், உதுக்கு என்ன பேர்?"

"சீரியல் மியூசிக், அண்ணை. நான் வாசிக்கிறது அதிலயும் கடும் வகை. முழுச் சீரியல்."

எனக்கு உடனே எல்லாம் வெளித்துவிட்டது. அந்த நாட்களில் சென்னைத் தொலைக்காட்சித் தொடர்களைத் தமிழ்க் கடைகளில் கட்டுக் கட்டாக வாடகைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். சீரியல் என்றால் அடுப்பில் சோறு கரிந்தாலும் பரவாயில்லை. அதில் மாமியார் திரும்பிப் பார்ப்பார். பார்க்கும்போது பின்னணி இசையில் ஒரு அடி. மருமகள் பார்ப்பாள். இன்னொரு அடி. பிறகு ஒருவரும் பேசாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், திடீரென்று எங்கேயோ ஒரு கிணுக். ரீச்சர் வாசித்ததும் அச்சொட்டாக அதுதான். நான் இவ்வளவு நாளும் விளங்காமல் இருந்ததற்கு என்னையே ஏசினேன்.

"ரிவியில வாறதுதானே, ரீச்சர்?"

"ரிவியில குறைவு. பிரெஞ்சு ரேடியோவில எப்பவாவது போடுவினம்."

பிரெஞ்சுக்காரரும் சீரியலுக்கு இவரைத்தான் பிடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அடக்கமான மனுசி, தானாகச் சொல்லவில்லை. அன்றைக்கே வில்லரே முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அதன் சட்டதிட்டத்தை அவரே எனக்குச் சொல்லித் தந்தார். பியானோவில் கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு சுரம். கட்டை முழுக்க அதே பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது. வாசிக்கிறவர் அந்தப் பன்னிரண்டையும் ஒரு வரிசையில் நிறுத்துவார். எல்லாருக்கும் ஒருமுறை கிடைத்த பிறகுதான் முதல் சுரம் இரண்டாம் தரம் வாயைத் திறக்கலாம். அது பழைய வகை. முழுச் சீரியல் என்றால், ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரிசை, எவ்வளவு சத்தமாக என்பதற்கும் ஒரு வரிசை, விரல் குத்த வேண்டுமா தடவ வேண்டுமா என்பதற்கும் ஒரு வரிசை. ரேஷன் கடை போல.

"எங்கட பாட்டில ச எண்டு ஒருத்தர் இருக்கிறாரெல்லோ, அண்ணை," என்றார் ரீச்சர். "எங்க போனாலும் அவரிட்டத் திரும்பி வரவேணும். மற்றவை எல்லாம் அவருக்குக் கைகட்டி நிக்கவேணும். இதில அப்பிடி ஒரு முதலாளி இல்லை."

"முதலாளி இல்லாட்டி ஆர் மண்டபத்தைத் திறக்கிறது?"

"திறந்து விட்டிட்டு நீங்கள் ஒரு ஓரமா நிக்கலாமே."

இதை என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார். அவரிடம் எனக்கு மரியாதை வரத் தொடங்கியதும் அங்கேதான், எரிச்சல் தொடங்கியதும் அங்கேதான்.

ஏனென்றால் பியானோவோடு நிற்கவில்லை அவர் சட்டம். காலையில் குசினிக்குள் வந்தால் இன்றைக்கு என்னிடம் முதலில் வணக்கம் சொன்னவர், நாளைக்கு மனுசியிடம், அதற்கடுத்த நாள் கோப்பை கழுவ வரும் ஹெயிட்டிக்காரனிடம். மூன்று பேருக்கும் சுற்றி முடியாமல் என் முறை வராது. மண்டபத்துக்கு உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. மெற்றோவில் வந்தாலும் ஒரு நாள் ஒரு வாசல், மறு நாள் மற்ற வாசல். "நேற்றைய வாசல் கிட்டவெல்லே, ரீச்சர்?" என்றால், "அதுக்குத்தான் நேற்று வந்திட்டனே" என்பார்.

தன் மாணவப் பிள்ளைகளின் வருடாந்த நிகழ்ச்சியை என் மண்டபத்தில் வைத்தார். பிரதம விருந்தினர் நான் என்று நானே பெற்றோருக்குச் சொல்லி ஒழுங்கு செய்திருந்தேன். பட்டு வேட்டி, சால்வை. உள்ளே போய் முன்வரிசையைத் தேடினேன். முன்வரிசை இல்லை. கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார். வட்டத்தில் எது முன்? நான் சால்வையோடு மணிக்கூட்டு முள்ளு மாதிரிச் சுற்றி வந்தேன். கடைசியில் ஒரு குழந்தையின் வண்டிலுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். பெற்றோர் எனக்கு வாங்கி வந்த மாலையை ரீச்சர் கையில் எடுத்தார். நான் எழும்பி நின்று கழுத்தையும் நீட்டிவிட்டேன். அவர் நூலை அறுத்து, வட்டம் முழுக்க ஆளுக்கொரு பூ கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. செவ்வந்தி. அதுவும் வாடினது.

புரோசார்ட்டிலிருந்து வந்த ஒரு தாய் அன்றைக்கு அவரைப் பிடித்துக்கொண்டாள். "ரீச்சர், உள்ளதைச் சொல்லுங்கோ, என்ர மகள்தானே இதுகளுக்குள்ள கெட்டிக்காரி?"

"எல்லாரும் ஒரேயளவு மோசம், அக்கா."

அந்தப் பிள்ளை அடுத்த கிழமையோடு வகுப்பிலிருந்து நின்றது. அதன் பின்னால் இன்னும் சிலதுகள். ரீச்சர் அசையவில்லை. இருந்த பிள்ளைகளுக்கு ரயிலும் பஸ்ஸும் மாறி மாறிப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

இந்தக் கூத்தை யார் கண்டுபிடித்தது என்று ஒரு நாள் கேட்டேன். ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்த கையோடு சில பொடியன்கள் தொடங்கியது என்றார். அவர்களுக்கு மெட்டைக் கண்டாலே பயம் பிடித்துவிட்டதாம். சண்டைக் காலம் முழுக்க ரேடியோவில் நல்ல நல்ல மெட்டுத்தான் போனதாம், சனம் அதற்குக் கால் வைத்து நடந்து போய்ச் செத்ததாம். ஆகவே ஒருத்தரும் பின்னால் நடக்க முடியாத சங்கீதம் ஒன்று செய்வோம் என்று இறங்கினார்களாம். இதை ரீச்சர் அப்படித்தான் விளங்கி வைத்திருந்தார். புத்தகத்தில் வேறு மாதிரியும் இருக்கலாம், நான் புத்தகம் பார்க்கவில்லை.

"எங்கட சண்டைக்கு இப்ப இடைவேளைதானே விட்டிருக்கு, ரீச்சர்," என்றேன். ஊரில் அப்போது சமாதான காலம்.

"அதுதான், இடைவேளை முடிய முன்னம் கெதியா இதைக் கேட்டுப் பழகச் சொல்லுறன்."

"அந்தப் பொடியள் இப்பவும் உப்பிடித்தான் வாசிக்கினமோ?"

"இல்லை. கொஞ்ச வருசத்தில விட்டிட்டினம்."

"கண்டுபிடிச்சவங்களே கைவிட்டிட்டாங்கள். நீங்கள் ஏன் பிடிச்சுத் தொங்கிக்கொண்டு நிக்கிறியள்?"

"அவை ஆம்பிளையள், அண்ணை. கெதியா அலுத்துப்போம்."

பியானோவுக்குக் கேடு வீடியோக்காரன் உருவில் வந்தது. சாமத்தியவீடுகளில் படம் பிடிக்கிறவன். பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வரும்போது பின்னால் கறுப்பாக ஏதோ தெரிகிறது, சவப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று வாடிக்கைக்காரர் முறையிட்டார்களாம். ஒரு தாய் அதைச் சொல்லியே திகதியை வேறு மண்டபத்துக்கு மாற்றிக்கொண்டாள். தொழில் என்று வந்தால் நான் கண் மூடமாட்டேன். பியானோ தூக்கும் ஆட்களைப் பிடித்துத் திங்கட்கிழமைக்கு வரச் சொன்னேன். சும்மா கொண்டுபோகட்டும், இடம் கிடைத்தால் போதும்.

ரீச்சரிடம் சொன்னபோது அவர் மூடியை மெதுவாகச் சாத்தினார். அவருக்கு வேறு பியானோ இல்லை என்று எனக்குத் தெரியும். அழுவார் என்று ஒரு பேப்பர் நாப்கினும் கையில் வைத்திருந்தேன்.

"ஞாயிறு மண்டபம் சும்மாவோ, அண்ணை?"

"பின்னேரம் சும்மாதான்."

"நான் ஒண்டு வருசக்கணக்கா எழுதி வைச்சிருக்கிறன். முழுக்க ஒருதரும் கேக்கேல்லை. அதை ஒருக்கா சனத்துக்கு முன்னால வாசிச்சிடுறன். பிறகு தூக்குங்கோ."

நாப்கினைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். உடனே ஒரு வழியும் தோன்றியது. "ரீச்சர், ஒண்டு செய்வம். நீங்கள் உங்கடையை வாசியுங்கோ. கடைசியில சனத்துக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்டு, ஒண்டே ஒண்டு வாசியுங்கோ. சனம் கைதட்டினால் அதைச் சாட்டி நான் பியானோவை நிப்பாட்டி வைப்பன். வீடியோக்காரனுக்கு நான் பதில் சொல்லுறன்."

"அது மாட்டன்."

"விரலுக்கு நோகுமோ?"

"விரலுக்கு நோகாது," என்றார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனம் சேர்க்கும் பொறுப்பை நான் எடுத்தேன். அச்சடிக்கிற கடைக்காரர், "எந்த சீரியல், அண்ணை?" என்று கேட்டார். "ஒண்டு ரெண்டில்லை, முழுச் சீரியலும்," என்றேன். மஞ்சள் தாளில் பெரிய எழுத்தில் வந்தது: பியானோவில் முழுச் சீரியல்! ஞாயிறு பின்னேரம். அனுமதி இலவசம். சூடான ரோல் உண்டு. எல்லாத் தமிழ்க் கடைகளிலும் ஒட்டினேன்.

ஞாயிறு மண்டபத்தில் நிற்க இடமில்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், பட்டுச் சீலையும் உடுத்து. ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடித்த தொடரின் பாட்டுத்தான் முதலில் வருமென்று பந்தயம் பிடித்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் மேடைத் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"இவ்வளவு சனமும் இதுக்கோ, அண்ணை?"

"பின்ன? நானெல்லோ நோட்டீஸ் அடிச்சது."

"முந்தி ஒருக்கா வாசிச்சனான். வந்ததில பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கினவை." திரையை விட்டுவிட்டுத் திரும்பவும் விலக்கிப் பார்த்தார். "இவ்வளவு பேரோ!"

போய் உட்கார்ந்தார். தொடங்கினார்.

முதலில் மண்டபம் மரியாதையாக இருந்தது. நான் ஓரத்தில் நின்றேன். பின்வரிசையில் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள்.

"இது எந்தச் சீரியல், அக்கா?"

"பொறு. இன்னும் பேர் போடேல்லை."

"இது மாமி திரும்பிப் பாக்கிற இடம்போல."

"எத்தினை தரமடி திரும்புவா? கழுத்து முறிஞ்சிருக்கும்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகத் தாவியது. ஒரு கிழவர் எழுந்து நின்று, "தங்கச்சி, தொடங்கச் சொல்லுங்கோ, எவ்வளவு நேரம் சுதி பாக்கிறது?" என்று உரத்துக் கேட்டார். குழந்தைகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தன. ரீச்சர் திரும்பவில்லை. அவருடைய ஒரு கை மேலே ஓடும், மற்றக் கை அதற்குக் குறுக்கே பாயும், ஒரு சத்தம் வெடிக்கும், அடுத்தது மூச்சு விட்டது போல அணையும். முதுகு நனைந்து சட்டை ஒட்டியிருந்தது.

முதற் பகுதி முடிந்து அவர் கை எடுத்த இடைவெளியில் நான் மேடைக்கு ஏறினேன். கீழே கதிரைகள் அரைபடும் சத்தம்.

"ரீச்சர், சனம் எழும்புது. ஒரே ஒரு பாட்டு. வாசிச்சால் பியானோ நிக்கும், நான் சொன்ன சொல்லு மாறமாட்டன்."

அவர் முகத்தைத் துடைத்தார். "வாசிச்சால் பியானோ நிக்கும், அண்ணை. நான் நிக்கமாட்டன்."

அடுத்த பகுதியைத் தொடங்கிவிட்டார். சனம் பாதிக்கு மேல் எழும்பி, வந்ததற்கு ரோலாவது மிஞ்சட்டும் என்று குசினி வாசலை நோக்கி நடந்தது. அங்கே மனுசி நின்றாள். கதவை இழுத்துப் பூட்டினாள், திறப்பை இடுப்பில் செருகினாள்.

"ரோல் எங்கை, அக்கா?"

"உள்ள இருக்கு. இது முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"முடியேக்க முடியும். போய் இருங்கோ."

என் மண்டபத்தில் எத்தனை விழா நடந்திருக்கும், ஒன்றிலும் மனுசி முன்னுக்கு வந்து இருந்ததில்லை. அன்றைக்கு மாக் கையோடு நடந்து வந்து முன் கதிரையில் இருந்தாள். அவள் எழும்பும்வரை ரோல் இல்லை என்று விளங்கிய சனம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. பசி வந்தால் மனிதன் எவ்வளவு அமைதி என்று அன்றைக்குத்தான் கண்டேன். சிரிப்பு நின்றது. குழந்தைகள் தூங்கின. வேறு போக்கிடமில்லாமல் அவ்வளவு பேரும் அந்த விசர்ச் சத்தத்தை முழுதாகக் கேட்டார்கள்.

கடைசியில் ரீச்சர் கையை மடியில் வைத்தார். முடிந்ததா, இடைவெளியா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தச் சங்கீதத்தில் முடிவுக்கென்று ஒரு அடையாளமும் கிடையாது. எல்லாரும் மனுசியைப் பார்த்தார்கள். மனுசி எழும்பினாள், இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தாள். கைதட்டல் கூரையைத் தூக்கியது. ரோலுக்குத்தான். ரீச்சர் எழுந்து குனிந்தார், நிமிர்ந்தார், இன்னொரு தரமும் குனிந்தார். அது ரோலுக்கு என்று நான் போய்ச் சொல்லவில்லை.

மறு நாள் திங்கட்கிழமை. காலையில் ரீச்சர் தன் இசைத் தாள்களை எடுத்துப் போக வந்திருந்தார். பியானோ தூக்கும் ஆட்கள் இன்னும் வரவில்லை. மனுசி வழக்கம்போல மா தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனப்பா நேற்று ரோலைக் குடுக்காமல் பூட்டி வைச்சனீ?" என்று கேட்டேன்.

"குடுத்தால் போயிடுவினம்."

"போனால் என்ன? உனக்கு உது விளங்கினதோ?"

"விளங்க என்ன கிடக்கு? அதில அவன் இல்லை. அதுதான் எனக்கு வேணும்."

எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். மூத்தவன். ஊரில் ஷெல் விழுந்து போனவன். அவன் வாய் சும்மா இருந்ததில்லை. சைக்கிள் ஓடினாலும் சோறு தின்றாலும் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு. அவன் போன பிறகு எங்கள் வீட்டில் பாட்டுக் கிடையாது. ரிவியில் பாட்டு வந்தால் மனுசி சத்தத்தை நிப்பாட்டுவாள். மண்டபத்தில் பாட்டுப் போட்டால் குசினிக் கதவைச் சாத்துவாள். ஏன் என்று அவள் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

"எந்தப் பாட்டைப் போட்டாலும் வந்து குந்தியிருந்திடுறான்," என்றாள், மாவைப் பார்த்துக்கொண்டே. "பிறகு எழும்ப மாட்டான். நாள் முழுக்க இருப்பான். ரீச்சரின்ரயில மட்டும்தான் நான் கையை ஓட்டி வேலை செய்யலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நேற்று ஒரு இடத்தில வந்தவன்."

ரீச்சர் குசினி வாசலில் தாள்களோடு நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"எந்த இடம், அக்கா?"

மனுசிக்குச் சொல்லத் தெரியவில்லை. ரீச்சர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பியானோவில் தன் பக்கத்தில் இருத்தி, தாளைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு இடமாக வாசித்தார். "இல்லை," என்றாள் மனுசி. "இதில்லை. இன்னும் பின்னுக்கு." பிறகு, "இது."

மூன்று சுரம். ஒன்று உச்சியில், ஒன்று அடியில், மூன்றாவது எங்கோ தூரத்தில். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரீச்சர் அந்த மூன்றையும் நடுக்கட்டையில் பக்கம் பக்கமாகக் கொண்டுவந்து மெல்ல வாசித்துக் காட்டினார். அப்போது எனக்கும் கேட்டது. வாசல் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, அதைப் பாடிக்கொண்டே உள்ளே வருகிறான்.

ரீச்சர் பையிலிருந்து அழிறப்பரை எடுத்தார்.

"மாத்திவிடுறன், அக்கா."

"வரிசை பிழைக்காதோ, ரீச்சர்?" என்றேன்.

"பிழைக்கட்டும்."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வருமென்று நான் நினைத்திருக்கவே இல்லை. அழிக்கப் போன கையை மனுசி எட்டிப் பிடித்தாள். ரீச்சரின் கறுப்புச் சட்டைக் கை முழுக்க வெள்ளை மா.

"வேண்டாம், ரீச்சர். இருக்கட்டும். வந்தவன், எட்டிப் பாத்தவன், போயிட்டான். அவ்வளவு எனக்குத் தாங்கும்."

கீழே வீதியில் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். நான் இறங்கிப் போவதற்குள் இரண்டு தடியர்கள் கயிறும் போர்வையுமாகப் படியேறி வந்துவிட்டார்கள். எங்கே சாமான் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் சேர்த்து, ஏச்சையும் விடாமல், தூக்க ஒன்றுமில்லை என்றேன். சும்மா அனுப்பவும் மனமில்லை. குசினிக்குள் போய் ஆளுக்கு இரண்டு ரோல் சுற்றிக் கொடுத்தேன்.

பாதிப் படியில் ஒருத்தன் நின்றான். மேலே மண்டபத்திலிருந்து வந்த சத்தத்துக்குக் காதைக் கொடுத்தான். வாயில் ரோலோடு, ஏதோ உடைந்து விழுகிறதே, போய்ப் பார்க்க வேண்டாமா என்று என்னிடம் கேட்டான்.

"இல்லை," என்றேன். "என்ர மண்டபத்தில அப்பிடித்தான் வாசிக்கிறது."